வாரியமே ஒழி

பிப்ரவரி 11

காலையில் முகம் கழுவும்போது சோப்பு உறையைப் படித்தேன். ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று போட்டிருக்கிறது. இத்தனை வருடமாக எனக்குக் கண் எரிகிறது. அவர்கள் பாட்டுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

படிக்க வந்ததிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். தீப்பெட்டி, பேருந்தின் முதுகு, கடைப் பலகை. மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அது யாருக்கும் பிடிபடாது என்று மகள் சொல்கிறாள்.

நான் பிழைத்ததே எழுத்தை வைத்துத்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சுவர் விளம்பரம் எழுதுகிற மேஸ்திரி சாக்பீஸால் எழுத்தின் ஓரத்தைப் போடுவார். ஓரம் தாண்டாமல் உள்ளே சாயம் நிரப்புவது என் வேலை. எனக்கு அது எழுத்து இல்லை, பாத்திரம். எதற்கு வயிறு பெரிது, எதற்கு வால் நீளம், எது எவ்வளவு சாயம் குடிக்கும் – இதுதான் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்து உட்காருகிற சுவரில் ‘இங்கே உட்காராதீர்’ என்று நானே எழுதியிருக்கிறேன். போன மாதம்தான் தெரிந்தது.

தினம் நாலு வரி எழுதினால் கை பழகும் என்று நூலகர் அம்மா சொன்னார். அவர்தான் நூலகத்தில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு வகுப்பு எடுக்கிறார். எழுதுகிறேன். தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

பிப்ரவரி 13

ல, ள, ழ. மூன்று எதற்கு? என் வாயில் மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன. நூலகர் அம்மா நாக்கை மடித்துக் காட்டினார். நானும் மடித்தேன். காற்று வந்தது.

பிப்ரவரி 18

இன்று கோபமாக இருக்கிறது. கோபத்தில் கை ஓடுமா பார்ப்போம்.

மகளுக்கு ஆஸ்பத்திரி வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் காதில் மாட்டிக் கேட்டு, கம்ப்யூட்டரில் அடித்துத் திருப்பி அனுப்புவாள். அதற்கு நல்ல இணையம் வேண்டும். போனில் வருகிற இணையம் எங்கள் தெருவில் நொண்டுகிறது. ஒரு பதிவு வந்து சேருவதற்குள் நோயாளி எழுந்து வீட்டுக்கே போய்விடுவார் என்பாள்.

கம்பி இணையம் பெரிய சாலைக்கு மேல்பக்கம் மட்டும். ஒரு தனியார் கம்பெனி கொடுக்கிறது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கீழ்ப்பக்கம் இருக்கிற நாங்கள் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்: “உங்க பக்கம் கட்டுப்படியாகாதுங்க.”

அதனால் மகள் தினமும் என் மைத்துனன் கடைக்குப் போகிறாள். அவன் என் மனைவியின் தம்பி. சாலைக்கு மேல்பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். மனைவி போய்ச் சேரும்போது எனக்கு விட்டுப்போன சொத்து அவன்தான். கடையின் பின்பக்கம், துண்டு காயப்போடுகிற மூலையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். ஒரு காதில் டாக்டர், மறு காதில் ரேடியோவும் கத்தரிக்கோலும்.

நேற்று மேலதிகாரி கூப்பிட்டிருக்கிறார். பேசுவதற்காகக் காதில் இருந்ததைக் கழற்றியிருக்கிறாள், டாக்டரின் குரல் வெளியே கேட்டுவிட்டது. நாற்காலியில் பாதி முகம் மழித்த ஒருத்தர், “யாருக்கும்மா மூலம்? நம்ம பக்கத்து ஆளா?” என்று கேட்டிருக்கிறார். அது மேலதிகாரி காதிலும் விழுந்துவிட்டது.

அவ்வளவுதான். நோயாளியின் சமாசாரம் நாலு பேர் நடுவில் கேட்கக் கூடாதாம். கதவு சாத்துகிற அறை வேண்டும், அதற்குச் சொந்த இணைப்பு வேண்டும். மே மாதம் முடிகிறவரை பொறுப்பார்களாம். இல்லாவிட்டால் நகரத்துக்கு வந்து அவர்கள் கட்டடத்திலேயே உட்கார வேண்டும்.

அவர்கள் சொல்வதும் நியாயம்தான். எனக்கு மூலம் வந்தால் அதைச் சலூனில் பேசுவதை நான் ஒப்புக்கொள்வேனா?

“நீங்களும் என்கூட வந்துடுங்கப்பா” என்றாள்.

“எதுக்கு வரணும்?” என்றேன். “ஒரு கம்பிக்குச் சாலையக் கடக்கத் தெரியல. அதுக்கு நான் ஊரைக் கடக்கணுமா?”

அவள் எழுந்து போனாள். அறைக் கதவு நன்றாகச் சாத்துகிறதா என்று சாத்திச் சாத்திப் பார்த்தாள். சாத்துகிறது. அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. கம்பி மட்டும் இல்லை.

மார்ச் 2

நல்ல சேதி. ஏணி வந்தான்.

ஏணி என்றால் எங்கள் வாரியத்தின் கம்பத்து ஆள். அவன் உயரத்துக்கு ஏணியே வேண்டாம் என்று யாரோ சொல்லப்போய் அதுவே பேராகிவிட்டது. வாரியம் ஊருக்குச் சொந்தம். மின்சாரமும் தண்ணீரும் அதுதான் தருகிறது. கரண்டு போனால் யாரைத் திட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்; திட்டினால் வருவார்கள்.

வாரியம் தன் மீட்டர் கணக்குக்காகக் கம்பங்கள் வழியே ஏற்கெனவே ஓர் இழை இழுத்திருக்கிறதாம். நீரேற்று நிலையத்துக்குப் போகிற அந்த இழை எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே போகிறது. நான் கொடியில் வேட்டி காயப்போடும்போதெல்லாம் தலைக்கு மேல் இணையம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! அதிலிருந்து வீடுகளுக்கு இறக்கிக் கொடுக்கலாம் என்கிறார் வாரியத்து மேலாளர். நகரசபை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்களாம்.

ஏணி ஒரு துண்டு இழை காட்டினான். கண்ணாடி. உள்ளே கரண்டு இல்லையாம், வெளிச்சம் ஓடுகிறதாம். அதனால் ஒளி இழை. மைத்துனனும் இருந்தான். வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தான்.

“முடி மாதிரி இருக்கு” என்றான். “இதுலயா ஊர் பூரா பேசப்போகுது? முடியப் பத்தி என்கிட்டயே கதை விடாதப்பா.”

மார்ச் 9

எங்களுக்கு இணைப்பே தராத கம்பெனி, வாரியமும் தரக் கூடாது என்கிறது! தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான்.

வீடு வீடாகத் தாள் போட்டிருக்கிறார்கள். என் வீட்டு வாசலில் எனக்கென்று விழுந்த முதல் அச்சுத் தாள். ஆசையாக எடுத்து வந்து கண்ணாடி மாட்டி உட்கார்ந்தேன். மத்தியானம் வரை படித்தேன். எழுத்து அழகு. விஷயம் அத்தனையும் பொய்.

‘வாரியம் இதில் இறங்கினால் உங்கள் மின் கட்டணம் மூன்று மடங்காகும்.’ யார் சொன்னது? போடவில்லை. ‘ஆரோக்கியமான போட்டியை வாரியம் கெடுக்கிறது.’ எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் எதுவும் தரவில்லை. இதில் யாரோடு யார் போட்டி?

படிக்கத் தெரியாதபோது பொய் காதில் மட்டும்தான் விழுந்தது. இப்போது கண்ணிலும் விழுகிறது.

மைத்துனன் அந்தத் தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறான். முடிவெட்ட உட்காருகிறவன் தன் முகத்தையும் பார்த்து அதையும் படிக்க வேண்டும். ஏன்டா என்றேன்.

“வாரியத்துக்குக் கரண்டே ஒழுங்கா குடுக்கத் தெரியல மச்சான். இதுல நெட்டு வேறயா? மூணு மடங்கு பில்லு வந்தா நீங்களா கட்டுவீங்க?”

“அக்கா மகள் ஊரை விட்டுப் போகப்போறாடா.”

“என் கடையில உக்காரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?”

இவனிடம் என்ன பேசுவது.

மார்ச் 16

தெருக்காரர்கள் கூடினோம். சாலை முனையில் பழைய கிடங்கின் சுவர் சும்மா இருக்கிறது. நகரசபை உறுப்பினர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அதில் பெரிதாக எழுதுவது என்று முடிவு. எழுதுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

‘வாரியமே, ஒளி இழை தா.’ இதுதான் வாசகம். மகள் வேலையில் இருந்தாள். யாரையும் கேட்காமல் நானே யோசித்துக்கொண்டேன்.

மார்ச் 22

எழுதிவிட்டேன்! இரண்டு வரி. சுவரின் நடுவில் ஒரு குழாய் குறுக்கே போகிறது, அதனால் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. சிவப்பு எழுத்து, கறுப்பு ஓரம். சாக்பீஸ் கோடும் நானே போட்டேன். மேஸ்திரி இருந்திருந்தால் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்திருப்பார்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவன் சொல்லை நிரப்பினேன். இன்று என் சொல். தோள் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, சந்தோஷம்.

மார்ச் 23

மேல்பக்கத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “நல்லாக் கேட்டீங்க பெரியவரே, அவங்களுக்கு இப்படித்தான் சொல்லணும்” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மேல்பக்கத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 24

ஏணி வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

“நேத்து மழையில கம்பத்து மேலதான் இருந்தேன் பெரியவரே. உங்க தெருவுக்குத்தான். எங்களை ஒழின்னு எழுதிட்டு எங்ககிட்டயே இழை கேக்குறீங்களே, இது என்ன நியாயம்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் படம் பிடித்து வைத்திருந்தான், மேலாளரிடம் காட்டவாம். பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேல் வரி: வாரியமே ஒழி. கீழ் வரி: இழை தா.

ஒழி.

‘ழி’ போட்டிருக்கிறேன். ‘ளி’ போட வேண்டிய இடத்தில். ஆள் உயரத்துக்கு. சிவப்பில். கறுப்பு ஓரத்தோடு.

நூலகர் அம்மா ‘ழ’ தமிழுக்கே சிறப்பு என்று சொன்னாரே – சிறப்பான காரியத்துக்குச் சிறப்பான எழுத்துதானே என்று நினைத்துவிட்டேன்.

ஏணிக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. புரிந்ததும் வாசல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். மகள் வந்து கேட்டுவிட்டு இன்னும் அதிகமாகச் சிரித்தாள். “ஒரு எழுத்துல ஒரு வாரியத்தையே ஒழிச்சுட்டீங்களேப்பா.” சிரித்துக்கொண்டே இருந்தவள் முகம் கழுவப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

மார்ச் 25

திருத்திவிட்டேன். ‘ழி’யை வெள்ளையால் மறைத்து ‘ளி’. அந்த இடம் மட்டும் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 4

கம்பெனியின் புதுத் தாள். அதில் என் சுவர். திருத்துவதற்கு முன் எடுத்த படம்.

‘வாரியமே ஒழி’ மட்டும் இருக்கிறது. ‘இழை தா’ இல்லை. குழாயோடு வெட்டிவிட்டார்கள். கீழே அச்செழுத்தில், ‘வாரியத்தைப் பற்றிக் கீழ்ப்பக்க மக்களே சொல்வதைக் கேளுங்கள்’.

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் தப்பு எழுத்தில் உண்மையை எழுதினேன். இவர்கள் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பொய்யை எழுதுகிறார்கள். இவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். எனக்கு ‘ழ’ தெரியாது. இவர்களுக்கு வெட்கம் தெரியாது. என் எழுத்தை எடுத்து என் மகள் கழுத்துக்கே – சீ. எவன் வெட்டினானோ அவன் கீழ் வரியைப் படித்துவிட்டுத்தானே வெட்டியிருப்பான்? குருடன் வெட்டினால் பொறுக்கலாம்.

ஏப்ரல் 6

வகுப்புக்குப் போகவில்லை.

ஏப்ரல் 10

மகள் நகரத்தில் தங்க இடம் விசாரிக்கிறாள். எனக்குத் தெரியக் கூடாது என்று மெதுவாகப் பேசுகிறாள். இந்த வீட்டில் மெதுவாகப் பேசினால்தான் நன்றாகக் கேட்கிறது.

மைத்துனன் கடையில் புதுத் தாளும் ஒட்டியாயிற்று. முடிவெட்ட வருகிறவர்களிடம் “எங்க மச்சான் கைவண்ணம்” என்று காட்டுகிறானாம். இனி அவன் கையில் தலையைக் கொடுக்க மாட்டேன். முடி வளரட்டும்.

ஏப்ரல் 19

நகரசபைக் கூட்டம். எல்லாவற்றையும் எழுத வேண்டும். இன்று எழுதி முடியாவிட்டால் நாளை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மைத்துனன். கம்பெனி கொடுத்த அட்டையைச் சட்டையில் குத்தியிருந்தான். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உத்தரத்தைப் பார்த்தான்.

முதலில் வாரியத்து மேலாளர் பேசினார். பிறகு கம்பெனிக்காரர். நல்ல உடுப்பு, நல்ல குரல். வாரியத்துக்கு ஊரில் நல்ல பேரே இல்லை என்றார். திரையில் என் சுவரைப் போட்டார். அவ்வளவு பெரிய திரையில் என் ‘ழி’. கறுப்பு ஓரம்கூட ஒரு இடத்தில் பிசகவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை, மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அது நான் எழுதினதுங்க” என்றேன். “ஒளின்னு எழுத வந்தேன். ழ போட்டுட்டேன். எனக்கு எழுத்து வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கீழ இன்னொரு வரி இருந்துச்சு.”

மண்டபம் சிரித்தது. சிரிக்கட்டும், நானும் அங்கே உட்கார்ந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கம்பெனிக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சபையைப் பார்த்துச் சொன்னார்:

“பெரியவர் இப்ப மாத்திச் சொல்றார். பரவாயில்ல. ஆனா ஒரு வார்த்தை ஒழுங்கா எழுதத் தெரியாத தெருவுக்கு இணையம் எதுக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

 மகள் மறுபடி இழுத்தும் உட்காராமல் நின்றேன்.

அப்போது முன்வரிசையில் நாற்காலி நகருகிற சத்தம். மைத்துனன்.

“எங்க மச்சானுக்கு எழுத்து வராதுன்னு நான் சொல்லுவேன்” என்றான். “கடையில வச்சு தினமும் சொல்லுவேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது, எங்க அக்காவக் கட்டினவரு. நீங்க யாரு சொல்றதுக்கு?”

அட்டையைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பெனிக்காரர் கையிலேயே கொடுத்தான். அவரும் வாங்கிக்கொண்டார், பாவம்.

ஏணி பின்னாலிருந்து நடந்து வந்து தன் போனை நகரசபைத் தலைவர் அம்மாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு கம்பெனிக்காரரிடம் கேட்டார்.

“கீழே ஒரு வரி இருக்கே. உங்க படத்துல அது எங்க போச்சு?”

தலைமை அலுவலகத்திலிருந்து அப்படித்தான் வந்தது என்றார் அவர்.

“அப்ப மூணு மடங்கு கட்டணமும் அங்கிருந்துதான் வந்துச்சா? அதுல எதை வெட்டினாங்க?”

அவர் கையில் இருந்த தாள்களைப் புரட்டினார். தலைவர் அம்மா விடவில்லை. கீழ்ப்பக்கத்துக்கு நீங்கள் எப்போது இணைப்புத் தருவீர்கள், தேதி சொல்லுங்கள் என்றார். ஆய்வு நடக்கிறது என்றார் கம்பெனிக்காரர். எத்தனை வருடமாக என்றார் தலைவர் அம்மா. கம்பெனிக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

முடிவு பிறகு சொல்வார்களாம். வெளியே வந்ததும் மைத்துனனிடம் போனேன். அவன் என் தலையைப் பார்த்தான்.

“உங்களுக்காகப் பேசல” என்றான். “அக்காவுக்காக. நாளைக்குக் கடைக்கு வாங்க, காடு மாதிரி இருக்கு.”

ஏப்ரல் 20

போனேன். கண்ணாடியில் தாள் இல்லை. ஒட்டியிருந்த பசை மட்டும் இருந்தது.  காதோரம் மட்டும் வழக்கத்தைவிட ஒழுங்காக வெட்டினான்.

ஏப்ரல் 30

சபை ஒப்புக்கொண்டது. கம்பெனி போகாத தெருக்களுக்கு மட்டும்.

மே 1

மைத்துனன் கடை சாலைக்கு மேல்பக்கம். அங்கே கம்பெனி இருக்கிறது, அதனால் வாரியம் தராது. “பேசினவன் நான், இழை உங்களுக்கா?” என்று குதிக்கிறான். நியாயமான கோபம். எனக்கும் கோபம்தான். மேல்பக்கத்துக்கும் கேட்டு எழுதுவேன் என்று சொன்னேன். “தயவுசெஞ்சு நீங்க எழுதாதீங்க” என்றான்.

மே 12

கம்பெனி தடை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. மே முடியப் பத்தொன்பது நாள். அவர்களுக்கு இது வழக்கு. எனக்கு மகள். அவள் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். தூசி தட்டத்தான் இறக்கினாளாம். வீட்டில் வேறு எதற்குமே தூசி இல்லையா?

மே 23

தடை இல்லை. ஏணி சாலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

மே 28

எங்கள் தெரு முழுக்கக் கம்பத்தில் ஆட்கள். வெயிலில் ஏணிக்கு மூன்று முறை தண்ணீர் கொடுத்தேன். கூரையிலிருந்து எங்கள் சுவரில் ஓட்டை போட்டு முடியளவு ஒரு இழையை உள்ளே விட்டான். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றான். இவ்வளவுக்கா இத்தனை பொய்?

ஜூன் 5

என்ன அநியாயம் பாருங்கள். என் வீட்டில் நான் இருமக் கூடாதாம்.

காலையிலிருந்து அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மகள் வேலையில் இருக்கிறாள். ரேடியோ போடக் கூடாது. பாத்திரம் உருட்டக் கூடாது. வாய்விட்டுப் படிக்கக் கூடாது – எனக்கு வாய்விட்டுப் படித்தால்தானே படிப்பே வரும்? சற்று முன் ஒரு இருமல் வந்தது. சின்ன இருமல்தான். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. “அப்பா, டாக்டர் சொல்றது கேக்கல.” மறுபடி சாத்திக்கொண்டது.

மே மாதத்துப் பெட்டி மறுபடி பரண்மேல் ஏறிவிட்டது. இவள் எங்கேயும் போகிற மாதிரி தெரியவில்லை. இன்னும் எத்தனை வருடம் இப்படிப் பூனை மாதிரி நடக்க வேண்டுமோ.

தொண்டை அரிக்கிறது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.